நாற்காலி போடக் கொஞ்சம் காடு

காட்டைக் காப்பதற்கென்று ஏற்படுத்திய வாரியத்துக்குக் காட்டுக்குள் நாற்காலி போட இடமில்லை. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

வாரியம் என்றால் நீர்ப்பிடிப்பு வன மேன்மை வாரியம். மலேசியாவின் ஈப்போ நகரத்தில் அதற்கு ஒரு முழுக் கட்டடமும், கட்டடத்துக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காரும்படியான குளிரும் உண்டு. நகரத்துக்கு வெளியே புக்கிட் கெலாடி என்று ஒரு மலை. மலைமேல் காடு. மழை இலையில் விழுந்து, கிளை வழியே இறங்கி, மட்கிய சருகுக்குள் புகுந்து, மண்ணுக்குள் தங்கி, நிதானமாக வடிந்து ஆறாகக் கீழே வரும். ஆற்றுக்குக் குறுக்கே சின்னதாக ஓர் அணை. அங்கிருந்து சுத்திகரிப்பு ஆலை, அங்கிருந்து குழாய். நகரத்தில் பாதிப் பேர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். இந்த வேலையைக் காடு பல காலமாகச் சம்பளம், மருத்துவ விடுப்பு, போனஸ் எதுவும் இல்லாமல் தானாகச் செய்துகொண்டிருந்தது. மேற்பார்வை இல்லாமல் ஒரு வேலை ஒழுங்காக நடப்பது நிர்வாகத்துக்கு அழகில்லை என்பதால் வாரியம் பிறந்தது.

பிறந்ததும் முதல் காரியமாக ஒரு மரம் நடுவிழா எடுக்க முடிவு செய்தார்கள். எங்கே நடுவது? காட்டுக்குள்ளேதான். காட்டுக்குள் போய் யாராவது மரம் நடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். வெளியே நட்டால் அது வேறொரு இலாகாவின் எல்லைக்குள் வந்துவிடும். அந்த இலாகாவுக்குச் சொந்தமாக ஒரு விழா இருக்கிறது.

விழாவுக்குக் கூடாரமும் நாற்காலியும் போட மார்கஸைக் கூப்பிட்டார்கள். மலையடிவாரத்தில், முன்பு கெலாடி ரப்பர் தோட்டமாக இருந்து, பால்மரங்களை வெட்டிவிட்டுத் தாமான் என்கிற குடியிருப்பாக வீடு கட்டி விற்ற இடத்தில்தான் மார்கஸின் வீடு. கல்யாணம், காதுகுத்து, எட்டாம் துக்கம், மாதா கோயில் திருவிழா, காளியம்மன் கோயில் திருவிழா, எதுவானாலும் மார்கஸ் கூடாரம்தான். கூடாரம் ஈப்போவில் யாரிடமும் கிடைக்கும். மார்கஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நாற்காலிக்குப் போடும் வெள்ளை உறை. அதை அவர் மனைவி ஹில்டா துவைப்பார். இயந்திரத்தில் போடமாட்டார். வீட்டுக்குப் பின்னால் பெரிய தொட்டியில் ஊறவைத்து, கையால் கும்மி, மூன்று தண்ணீர் அலசிக் காயப்போடுவார். ஹில்டா துவைத்த உறையில் உட்காரப்போகிறவர்கள் முதலில் கையைத் துடைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வெள்ளை.

இடத்தைப் பார்க்க மார்கஸை மலைக்கு அழைத்துப் போனவர் விக்னேஸ்வரன். வாரியத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. நல்ல பையன், வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவார், கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை தொங்கும். கூடவே பொறியாளர்கள் சிலர். காட்டு ஓரத்தில் ஒரு சின்ன வெட்டவெளி இருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய மெராந்தி மரம். மார்கஸ் அண்ணாந்து பார்த்துவிட்டு, எங்கே போனாலும் சொல்கிற அதே வார்த்தையை இங்கேயும் சொன்னார்.

"காத்து பலமா அடிச்சா இந்த மரம் கெனோப்பி மேல விழுந்துரும்லா, சார்."

இது கூடாரம் போடுகிறவர்கள் எல்லாரும் சொல்வது. ரம்புத்தான் மரத்தடியில் சொல்வார்கள், விளக்குக் கம்பத்தடியில் சொல்வார்கள். நாளைக்கு ஏதாவது கிழிந்தால் பழி நம் தலையில் விழக்கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்காரர்களும் வழக்கமாக, ஒன்றும் ஆகாது அண்ணே, போடுங்கள் என்பார்கள். இவரும் போட்டுவிட்டுப் போய் ஒரு தே தாரேக் டீ குடிப்பார். இத்தனை வருடத்தில் ஒரு மரமும் விழுந்ததில்லை.

ஆனால் வாரியம் வீட்டுக்காரர் இல்லையே. மார்கஸ் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் ஒரு பாதுகாப்புக் குழு போட்டார்கள். கூடாரத்தின்மேல் விழக்கூடிய மரத்தை அகற்ற வேண்டும் என்று குழு சொன்னது. பிறகு அந்த மரத்தின்மேல் விழக்கூடிய மரம் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தது. அதன்மேல் விழக்கூடியது, அதற்கும் மேலே நிற்பது என்று குழு படிப்படியாக மலையேறி உச்சிக்கே போய்ச் சேர்ந்தது. உச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மரங்கள் அந்தப் பக்கமாகவே விழும் என்பதால் அவை பிழைத்தன. இத்தனையையும் ஒரே வருடத்தில் வெட்டினால் அதற்குக் காடழிப்பு என்று பெயர். கட்டம் கட்டமாக வெட்டினால் பாதுகாப்பு நடவடிக்கை. ஆகவே கட்டம் கட்டமாக என்று முடிவானது.

வெட்டிய மரங்களை வாரியம் 'நிகழ்ச்சிக் கழிவு' என்று வகைப்படுத்தியது. கழிவை அகற்றித்தர ஒரு நிறுவனம் பெருந்தன்மையோடு முன்வந்தது. அதன் லோரிகள் ஏறி இறங்க மலையில் அகலமாக ஒரு மண்சாலை போட வேண்டியிருந்தது. அந்தச் சாலையில் நிறுத்த ஓர் இடம், திருப்ப ஓர் இடம். மார்கஸ் கூடாரம் கட்ட வந்தபோது அவருக்கு வழி தெரியவில்லை. மெராந்தி மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வந்திருந்தார், பாவம்.

முதல் விழா அமோகமாக நடந்தது. செக்கச்செவேலென்று கிடந்த மண்ணின்மேல் வெள்ளை நாற்காலிகள் வரிசை கட்டி நின்றன. வாரியத் தலைவர் டத்தோ, ஒரு கன்றை அதன் பிளாஸ்டிக் பையோடு சேர்த்துக் குழியில் இறக்கி, இரண்டு கரண்டி மண் போட்டு, மூன்று பேர் நீட்டிய துண்டில் கை துடைத்துக்கொண்டார். பிறகு பேசினார். காடுதான் நகரத்தின் தண்ணீர்த் தொட்டி என்றார். காட்டின் ஒவ்வோர் இலையும் வாரியத்தின் ஊழியர் என்றார். பேச்சின் நடுவே, இந்த இடத்தைப் பாதுகாப்பானதாக்கிய தொழில்நுட்ப ஆலோசகர் திரு மார்கஸுக்கு நன்றி என்று சொல்லிக் கையை நீட்டினார். கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த மார்கஸ் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அவருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஹில்டாவிடம் இரண்டு முறை சொன்னார்.

மழைக்காலம் வந்தது. ஹில்டா தொட்டியை நிரப்பி உறைகளைப் போட்டார். ஊறின பிறகு எடுத்துப் பார்த்தால், போடும்போது இருந்ததைவிட அழுக்காக இருந்தது. சோப்பு போதவில்லை என்று மறுபடி போட்டார். மூன்று தண்ணீர் அலசுகிறவர் ஆறு தண்ணீர் அலசினார். ஒவ்வோர் அலசலுக்கும் துணி ஒரு படி பழுப்பேறியது. கடைசியில்தான் குழாயடியில் ஒரு கண்ணாடிக் கிளாஸை நீட்டிப் பார்த்தார். கிளாஸில் வந்தது பால் விடாத தே ஓ.

மார்கஸ் உறைகளை மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து ஊரான லகாட்டில் இருக்கும் டோபிக் கடைக்குப் போனார். டோபி தன் பனியனைப் பிடித்துக் காட்டினார். அதுவும் ஒரு காலத்தில் வெள்ளைதான்.

இந்தச் சமயத்தில்தான் பமேலாவுக்குக் கல்யாணம் முடிவானது. ஒரே பெண். மாப்பிள்ளை நைஜல், லூமுட் கடற்படை முகாமில் வேலை, தங்கமான பிள்ளை. அவனுக்கு வெளிநாட்டில் இரண்டு வருடப் பயிற்சி இருந்ததால் அது முடிந்து வந்ததும் கல்யாணம், லகாட் மாதா கோயில் வளாகத்தில் விருந்து என்று பேசி வைத்தார்கள். பமேலா சின்ன வயதில் அப்பாவின் லோரியில், அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊரெல்லாம் கல்யாணத்துக்குப் போனவள். யார் கல்யாணத்தில் நாற்காலி போட்டாலும், என் கல்யாணத்துக்கும் இதே மாதிரி வெள்ளை போடுவீர்களா அப்பா என்று கேட்பாள். போடுவேன் என்று மார்கஸும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

ஹில்டா அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னது இதுதான். "ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் வெள்ள போட்டாச்சு. எம்புள்ள கல்யாணத்துக்கு வெள்ள இல்லன்னா ஒத்த நாக்காலி கூட நான் எடுத்து வைக்க மாட்டேன்."

மார்கஸ் மறுநாளே ஈப்போவுக்குப் போய் வாரியத்தில் நின்றார். புகார் கொடுக்க வந்தேன் என்றதும் வரவேற்பில் இருந்த பெண் அவரைக் காத்திருக்கச் சொன்னார். பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று, ஆலோசகர் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று உள்ளே அழைத்துப் போனார். விக்னேஸ்வரன் கோப்பி வரவழைத்தார். கோப்பிக்குத் தண்ணீர் போத்தலில் வாங்கியது; போத்தலில் அழகான காட்டுப்படம் ஒன்று ஒட்டியிருந்தது.

மார்கஸ் விஷயத்தைச் சொன்னார். விக்னேஸ்வரன் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார். தண்ணீர் பழுப்பு இல்லை, அதில் இயற்கைத் தாதுக்கள் கூடியிருக்கின்றன என்று முதலில் திருத்தினார். மக்களுக்குக் காட்டின் அருமை தெரியாததுதான் இதற்கெல்லாம் மூல காரணம் என்றும், ஆகவே அடுத்த விழாவை இரண்டு மடங்கு பெரிதாக எடுக்கப்போகிறோம் என்றும் சொன்னார். தாமான்காரர்கள் குழாயையே பார்த்துக்கொண்டிருக்காமல் நிமிர்ந்து மலையைப் பார்க்க வேண்டுமாம்.

மலையைப் பார்த்துத்தான் வயிறு எரிகிறது என்று சொல்ல மார்கஸுக்கு வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, விழா வையுங்கள் சார், மரத்தை மட்டும் வெட்டாதீர்கள் என்று கெஞ்சினார்.

விக்னேஸ்வரன் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "நாங்க எங்கண்ணே வெட்டுனோம்? நீங்க சொன்னீங்க, நாங்க கேட்டுக்கிட்டோம்."

வீடு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை மார்கஸின் காதிலேயே நின்றது. உளறிக் கொட்டியதை ஒரு வாரியமே உட்கார்ந்து பொறுக்கி எடுக்கும் என்று யார் கண்டது?

இரண்டாம் வருட விழாவை முதல் வருட இடத்தில் வைக்க முடியாது. டத்தோ நட்ட கன்றுகள் அங்கே இருந்தன. டத்தோ நட்டதை மிதிப்பது மரியாதை இல்லை. கன்றுகள் எல்லாம் எப்போதோ கருகி, லாலான் புல் மண்டிக் கிடந்தது வேறு விஷயம். மரியாதை கன்றுக்கு இல்லை, டத்தோவுக்குத்தானே. அதனால் விழா மேலே ஏறியது. இரண்டு மடங்கு கூட்டம், அதற்கேற்ற கூடாரம், கூடாரத்தின்மேல் விழக்கூடிய மரங்கள், அவற்றின்மேல் விழக்கூடிய மரங்கள். இந்த முறை மேலிருந்து படம் எடுக்க ட்ரோன் வைத்திருந்தார்கள். ட்ரோனுக்குக் காடு மறைத்தது. அதையும் சரிசெய்தார்கள்.

இந்த விழாவில் ஒரு கண்காட்சி உண்டு. மேசைமேல் இரண்டு பெரிய போத்தல்களைப் படுக்கவைத்திருந்தார்கள். இடது பக்கப் போத்தலில் மண்ணின்மேல் சருகும் பாசியும் செடியும். வலது பக்கத்தில் வெறும் மண். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றிக் காட்டுவார்கள். வெறும் மண்ணில் ஊற்றியது கலங்கி வரும், சருகில் ஊற்றியது தெளிந்து வரும், பிள்ளைகள் கை தட்ட வேண்டும். ஊற்றுவதற்கு அடிவாரக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வந்திருந்தார்கள். டத்தோ ஊற்றினார். வலது பக்கம் சேறாக வந்தது. இடது பக்கம் அந்தத் தே ஓ நிறம் போய், பளிங்கு மாதிரி சொட்டுச் சொட்டாக ஒரு கிளாஸ் நிரம்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரியவர்கள் யாரும் தட்டவில்லை. அந்தத் தாமான்காரர்கள் அப்படி ஒரு தண்ணீரைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

ஹில்டாதான் கேட்டார். "சார், இந்த எடது பக்க போத்தல எங்க வீட்டுக் கொழாய்க்கு மேல வைக்க முடியுமா?"

கண்காட்சிப் பொருள் வாரியத்தின் சொத்து, கொடுக்க விதி இல்லை என்று விக்னேஸ்வரன் பணிவாகச் சொன்னார்.

"முன்ன அது மேலதான சார் இருந்துச்சு," என்றார் ஹில்டா. மலையைத்தான் காட்டினார். விக்னேஸ்வரன் மலையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அடுத்து பலூன் பறக்கவிடும் அங்கம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

விழா முடிந்து மார்கஸுக்கு ஒரு கண்டிப்பும் கிடைத்தது. நாற்காலி உறைகள் வெண்ணெய் நிறமாக இருந்தனவாம். வெள்ளை, தூய நீரின் அடையாளம்; வாரியம் அதில் விட்டுக்கொடுக்காதாம். தண்ணீர் சுத்தமாக வந்தால் உறை வெள்ளையாகும் சார் என்றார் மார்கஸ். உறை வெள்ளையாக இருந்தால்தான் அண்ணே தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று மக்கள் நம்புவார்கள் என்றார் விக்னேஸ்வரன்.

மூன்றாம் வருடம் மிச்சம் இருந்தது அணையை ஒட்டிய காடு மட்டும். ஆற்றின் இரு கரையிலும் ஒரு திட்டுப் பச்சை. அந்தத் திட்டு நிற்கிறவரைக்கும் மழை விட்ட பிறகு இரண்டு நாளிலாவது தண்ணீர் கொஞ்சம் தெளியும். அந்த இரண்டு நாளைக் கணக்குப் பண்ணித்தான் ஹில்டா மகள் கல்யாணத்துக்கு உறை துவைக்க நினைத்திருந்தார். விழா முடிந்த மறுமாதம் கல்யாணம்.

இடம் பார்க்கப் போகும்போது மார்கஸ் தீர்மானித்துக்கொண்டு போனார். அண்ணாந்து ஒரு மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. காற்று என்ற பேச்சையே எடுக்கவில்லை. விக்னேஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கெனோப்பியே வேணாம், சார். மரமே நெழலுதான? அது அடியில நாக்காலி போட்டுடலாம். ஒன்னும் விழாது. நான் சொல்றேன்லா, ஒன்னுமே விழாது."

விக்னேஸ்வரனின் கண் கலங்கியிருந்ததை மார்கஸ் பார்த்தார். அப்பாடா, ஆளுக்கு உறைத்துவிட்டது என்று நினைத்தார். விக்னேஸ்வரன் கைப்பேசியை எடுத்து, மறுபடி ஒரு முறை சொல்லுங்கள் அண்ணே என்று பதிவு செய்துகொண்டார்.

'மரமே நிழல்' என்பது அந்த வருட விழாவின் முழக்கமாக அறிவிக்கப்பட்டது. மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் எழுதிய பதாகை, நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தெரிகிற அளவில் தயாரானது. அவ்வளவு பெரிய பதாகையைக் காட்டுக்குள் கட்டினால் யாருக்கும் தெரியாது. தெரிவதற்காக முன்னால் இருந்த மரங்களை எடுத்தார்கள். காற்றில் கிழியாமல் இருக்கப் பக்கத்தில் இருந்தவற்றையும் எடுத்தார்கள். கூடாரமும் உண்டு. அதற்குப் பணம் ஒதுக்கி ஆகிவிட்டது, செலவு செய்யாவிட்டால் அடுத்த வருடம் வெட்டிவிடுவார்கள் என்று விக்னேஸ்வரன் விளக்கினார். அவர் சொன்னது பணத்தை.

விழாவில் மார்கஸுக்கு 'வன வீரர்' விருது. மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மார்கஸ் ஒலிவாங்கியைப் பிடித்தார். கீழே ஹில்டாவும் பமேலாவும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அணைக்கட்டு வெயிலில் மொட்டையாகக் கிடந்தது.

"நான் கெனோப்பி போடுறவன்," என்றார். "மரம் விழும்னு நான் சொன்னது சும்மா வாய் வார்த்த. எல்லா எடத்துலயும் சொல்றதுதான். நீங்க வெட்டுனதுனாலதான் தண்ணி கலங்குது. எங்க வீட்டுல வருது பாருங்க, அதத்தான் நீங்களும் குடிக்கணும். போதும், விட்டுருங்க." ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதலில் எழுந்து நின்று கை தட்டியவர் டத்தோ. அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். மார்கஸின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு டத்தோ பேசினார்.

"இந்த எளிய மனிதர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மரத்தை வெட்டாதீர்கள். இதைச் சொல்ல இந்த இடத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது? மரம் இருக்கும் இடத்தில் நின்று மரத்தை வெட்டாதீர்கள் என்றால் யாருக்கும் மனதில் தைக்காது. இதோ, இங்கே நின்று சொன்னால்தான் இழப்பு என்னவென்று கண்ணால் பார்க்கலாம். அந்தக் காட்சியை மக்களுக்கு உருவாக்கித் தர வாரியம் மூன்று வருடம் பாடுபட்டிருக்கிறது."

கை தட்டல் அடங்க நேரம் ஆனது.

கல்யாணம் நெருங்கியது. மழை விட்டாலும் தண்ணீர் தெளியவில்லை. தெளிவதற்கு வழியும் இல்லை. மார்கஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, கிடக்கட்டும் என்று ஈப்போவில் துணிக்கடைக்குப் போய்ப் புது வெள்ளைத் துணி எடுத்து, அத்தனை நாற்காலிக்கும் புதிதாக உறை தைக்கக் கொடுத்தார். கைக்காசு மொத்தமும் அதில் போனது. பெண்ணின் சந்தோஷத்துக்கு முன்னால் அது பெரிதாகத் தெரியவில்லை. உறைகள் தைத்து வந்தபோது வீடே வெளிச்சமானது. ஹில்டா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பமேலா ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். மார்கஸ் கோயில் வளாகத்தில் சாமான் இறக்கத் தன் வேலையாள் தேவனைக் கூட்டிக்கொண்டு லகாட் போனார்.

திரும்பி வந்து பின்பக்கம் போனால் ஹில்டா தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தொட்டி நிறைய உறைகள்.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். ஒரு தடவை அலசாமல் போட்டால் உடம்பு அரிக்கும். அது அவர் அம்மா சொல்லிக்கொடுத்து, கல்யாணமான நாளிலிருந்து கை தானாகச் செய்கிற வேலை. குழாயைத் திறந்திருக்கிறார், போட்டிருக்கிறார், அலசியிருக்கிறார். நினைவு வந்து கையை எடுத்தபோது எல்லாம் நனைந்து முடிந்திருந்தது.

"கை போயிருச்சுங்க," என்றார் ஹில்டா. "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இருந்துச்சு. கை போயிருச்சு."

மார்கஸ் அவரைத் திட்டவில்லை. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சில உறைகள் திட்டுத்திட்டாகப் பழுப்பேறியிருந்தன, சிலவற்றில் விளிம்பு மட்டும் வெள்ளை. அதைப் போட்டால் அழுக்கு என்றுதான் சொல்வார்கள். கடைசியில் ஹில்டாவே எழுந்து, எல்லாவற்றையும் மறுபடி அதே தண்ணீரில் முக்கினார். திரும்பத் திரும்ப முக்கினார். வெள்ளை கிடையாது என்று ஆனபின் எல்லாம் ஒரே நிறமாகவாவது இருக்கட்டும் என்றார்.

கல்யாணத்தன்று லகாட் மாதா கோயில் வளாகத்தில் அத்தனை நாற்காலியும் ஒரே சீரான பழுப்பில் நின்றன. வந்தவர்கள் அசந்துபோனார்கள். மோக்கா கலரா, என்ன ரசனை என்று கேட்டார்கள். தெலுக் இந்தானிலிருந்து வந்த ஹில்டாவின் தங்கை பெர்னடெட், தன் மகன் கல்யாணத்துக்கும் இதே நிறம் வேண்டும் என்று அங்கேயே சொல்லி வைத்தார். விக்னேஸ்வரன் வாரியத்தின் சார்பில் வந்து, மணமக்களுக்கு ஒரு மரக்கன்றைப் பரிசளித்தார். உறையைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடையில் சாயம் போட்டீர்கள் அண்ணே என்று ஆசையாகக் கேட்டார்.

"கொழாய்ல, சார்," என்றார் மார்கஸ்.

விக்னேஸ்வரன் வயிறு குலுங்கச் சிரித்தார். உங்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் அண்ணே என்று முதுகில் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

வெள்ளைக் கவுனோடு பமேலா அப்பாவிடம் வந்தாள். அவள் கவுனை மட்டும் யாரும் அலசவில்லை. ஒரு நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டே, "நல்லாத்தான்பா இருக்கு," என்றாள். மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பொய் என்று மார்கஸுக்குத் தெரிந்தது. கூடாரத்துக்குப் பின்னால் போய், கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல நின்று அழுதார்.

மழை நின்று வெயில் காலம் பிடித்தது. பமேலா லூமுட் போய்விட்டாள். கல்யாணத்தில் போட்ட உறைகள், குழம்புக் கறையும் பாயாசக் கறையுமாக மூட்டையில் கிடந்தன. ஒரு நாள் காலையில் ஹில்டா அவற்றைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தார். குழாய் இருமியது. உள்ளே காற்று உறுமியது. ஒரு மடக்குச் சேறு துப்பிவிட்டு நின்றுபோனது.

மலையில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. பெய்ததெல்லாம் அன்றைக்கே ஓடிவிட்டது. அணையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள் என்று தேவன் வந்து சொன்னான்.

"அந்தக் கலங்கலாச்சும் வந்துச்சு," என்றார் ஹில்டா.

அப்போதுதான் மார்கஸின் கைப்பேசி அடித்தது. விக்னேஸ்வரன். தண்ணீர்த் தட்டுப்பாட்டைக் கருதி வாரியம் இந்த வருட விழாவை முன்கூட்டியே எடுக்கிறதாம், மலை முழுவதும் விழாத் திடலாம். ஆலோசகர் என்ற முறையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கூடாரத்தின்மேல் விழக்கூடிய மரம் எதுவும் கண்ணில் படுகிறதா?

மார்கஸ் பின்வாசலில் நின்றபடியே மலையைப் பார்த்தார். அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார்.

"இல்ல, சார். விழுறதுக்கு ஒன்னும் இல்ல."

"அப்ப இந்த வருஷம் நமக்கு வேல சுலபம்ணே," என்றார் விக்னேஸ்வரன். குரலில் நிம்மதி தெரிந்தது. "கவர் மட்டும் பளிச்சுன்னு வெள்ளையா இருக்கட்டும்."

மார்கஸ் சரி சார் என்றார். திரும்பிப் பார்த்தபோது, காய்ந்த தொட்டியின் ஓரத்தில் ஹில்டா இன்னும் உட்கார்ந்திருந்தார். குழாயை அவர் மூடவில்லை. வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று திறந்தே விட்டிருந்தார்.